படகுக்காக ஒரு கையெழுத்து

ஏரிக்கரைப் புது வங்கியில் மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததுமே மனிதருக்குக் கண் செருகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் தபால் அலுவலகத்தில் நின்றபடியே கடிதங்களில் முத்திரை குத்தியவர். ஜன்னலுக்கு வெளியே ஏரி மின்னியது. நடுவில் ஒரு சின்னப் படகு. அதில் அவர் மல்லாந்து படுத்திருக்கிறார், மேகங்கள் மெல்ல நகர்கின்றன, பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

படகு இன்னும் வாங்கவில்லை. அதற்குத்தான் இந்த ஏற்பாடே. ஓய்வூதியம் வந்து விழும் பழைய வங்கியில் மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை மனைவிக்குப் பழக்கம். அவர் பணம் எடுத்தால், வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிடும். படகு என்று ஒருமுறை வாய் திறந்ததற்கு, குளியலறைத் தொட்டியே போதாதா என்று கேட்டவள் அவள்.

ஓய்வூதியத்தைப் புது வங்கிக்கு மாற்றும் படிவத்தில் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் வாலைத் துடுப்பு மாதிரி நீட்டிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. பத்து நாள் அவர் நடக்கவே இல்லை, மிதந்தார்.

பதினோராம் நாள் படிவம் திரும்பி வந்தது. தபாலில். வீட்டுக்கு. தபாலோடேயே குடித்தனம் நடத்தியவருக்கு, வீட்டில் தபாலை வாங்குவது யார் என்பது மட்டும் தோன்றாமல் போயிற்று.

மனைவி உறையைப் பிரித்துப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஓய்வூதிய ஆபீஸ்ல இருக்கிற கையெழுத்தும் நீங்க போட்டதும் ஒத்துப்போகலையாம்."

"அதெப்படி? ரெண்டும் என் கையெழுத்துதானே?"

"அங்க இருக்கிறது நான் போட்டது."

அப்போதுதான் உறைத்தது. முத்திரை குத்திக் குத்தி மணிக்கட்டு ஓய்ந்து வருவார். பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையானாலும் சரி, வாடகைப் பத்திரமானாலும் சரி, "நீயே போட்டுடு" என்று சாய்ந்துவிடுவார். ஓய்வூதியக் காகிதங்களுக்கும் அதே கதிதான். அரசாங்கத்தின் கணக்கில் அவளுடைய கைதான் அசல், அவர் போலி.

"எதுக்கு இந்த மாத்தம்?" என்றாள்.

பொய் சொல்லத் தெம்பில்லை. ஏரி, மேகம், படகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுல ரெண்டு பேர் படுக்கலாமா?"

அவர் தனியாகத்தான் கனவு கண்டிருந்தார். இருந்தாலும், "தாராளமா" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது பிடித்திருந்தது.

புதுப் படிவத்தில் அவள் அவருடைய கையெழுத்தைப் போட்டாள். வால் இல்லை, துடுப்பு இல்லை, அத்தனை லட்சணம். ஓய்வூதிய அலுவலகம் மறுவாரமே ஏற்றுக்கொண்டது. வங்கியும் அதையே மாதிரிக் கையெழுத்தாக வைத்துக்கொண்டது. கூடவே காசோலைப் புத்தகமும் வந்தது.

அவர் பேனாவைத் திறந்தார். "படகுக்காரருக்கு எழுதட்டுமா?"

"எழுதுங்க" என்றாள் அவள். "கையெழுத்து வேணும்னா மட்டும் கேளுங்க, எங்கிட்டதான் இருக்கு."