எங்கள் குழிக்கு மூன்று அரசாங்கம்

அன்பும் பயமும் சம அளவில் கலந்த மாமாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். வாசல் குழியும் நலமாக நாளுக்கொரு அங்குலம் வளர்கிறது. தாங்கள் மாகாணச் சாலைத்துறையில் மேற்பார்வையாளர். "மச்சான்கிட்ட போய் சிபாரிசு கேக்கவே மாட்டேன்" என்று அப்பா பிடிவாதம் பிடிப்பதால், அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நம் தையல் கடை வாசலில் குழி விழுந்து இரண்டு மாதம். அப்பா வட்டார அலுவலகத்துக்குப் போனார், "ஒரு அடி ஆழம் வரைக்கும்தான் எங்க குழி, அதுக்குக் கீழ நகராட்சி" என்றார்கள், நகராட்சிக்குப் போனால் "குழி எங்களோடதுதான், ஆனா ரோடு மாகாணத்தோடது" என்றார்கள், மாகாணத்துக்குப் போனால் "அதிகாரத்தையெல்லாம் பரவலாக்கியாச்சு, உள்ளூர் விஷயத்துல நாங்க மூக்கை நுழைக்கிறதில்ல" என்றார்கள். அதிகாரம் பரவியதோ இல்லையோ, குழி பரவிவிட்டது. முந்நூறு சீருடை ஆர்டர் பேச வந்த தலைமையாசிரியை குழிக்கு அந்தப் பக்கமே நின்று, "திங்கட்கிழமை வரேன், அப்பவும் இது இருந்தா எதிர்க் கடைக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நேற்று ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? "இது மாகாண அரசின் குழி. நகராட்சி தொடக் கூடாது" என்று ஒரு பலகை எழுதி நட்டேன். இரண்டு மாதம் வராத நகராட்சி இரண்டு மணி நேரத்தில் வந்தது. "எங்க குழிக்கு அவங்க போர்டு வைக்கிறதா?" என்று பொறியாளர் குதித்தார், ஜல்லி வந்தது, மதியத்துக்குள் மூடிவிட்டார்கள், அப்பா சிரித்தேவிட்டார். பலகையைப் பிடுங்க மறந்தது மட்டும் என் தப்பு. மறுநாள் மாகாணத்து ஆட்கள் அதைப் படித்து, "நம்ம குழியைக் காணோமேடா!" என்று பதறி, ஜல்லியை அள்ளி வெளியே போட்டு, அரை அடி கூடுதலாகவே தோண்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா என்னைப் பார்த்து, "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதாடா?" என்றாள்.

எப்படியாவது திங்களுக்குள் மூட ஏற்பாடு செய்யவும். அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்குத் தூரத்திலிருந்து முத்தம் (கிட்டே போனால் கடிக்கிறாள்).

இப்படிக்கு,
ஒரு பாவமும் அறியாத மருமகன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. போலிப் பலகை வைத்தவனைப் பிடிக்கத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறாராம். கீழே, 'விசாரணை அதிகாரி' என்று தங்கள் கையெழுத்து. ஆகவே மேலே உள்ளதை நான் எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. வரும்போது ஒரு லாரி ஜல்லியோடு வாருங்கள். தலைமையாசிரியை வருவது பத்து மணிக்கு. முதலில் குழியை மூடுங்கள். வழக்கை அப்புறம் மூடிக்கொள்ளலாம்.