பட்டுநூல் சித்தரும் எலுமிச்சம்பழமும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து செவிலிமேட்டுப் பேருந்தில் கால் வைக்க இடமில்லை. டவுன் பஸ் ஓட்டுநர் இளங்கோவனுக்கு முதலில் காரணம் விளங்கவில்லை. செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம். புது வீடுகளும் பாலாற்றுக் காற்றும் தவிர அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. இப்போதோ கூரத்திலிருந்தெல்லாம் வந்து ஏறுகிறார்கள். ஒரு குடும்பம், கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று பயந்து, காரை ஓரிக்கையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. எல்லார் கையிலும் மதிப்பெண் சான்றிதழ். எல்லார் வாயிலும் ஒரே பெயர்: பட்டுநூல் சித்தர்.

சித்தர் இமயமலையில் பன்னிரண்டு வருடம் தவம் இருந்தவர் என்றார்கள். வீட்டு உரிமையாளரிடம் அவர் கொடுத்த ஆதார் அட்டையில் திண்டிவனம் என்று இருந்தது. ஆனால் ஆதார் அட்டையை யார் விழுந்து கும்பிடுகிறார்கள்?

அவருடைய சித்து எளிமையானது. சென்னையில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கு உங்கள் பிள்ளை விண்ணப்பித்திருக்கிறதா? விண்ணப்ப எண்ணைச் சொல்லுங்கள். விரும்பும் படிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் பட்டுநூல். சித்தர் முன்னால் இரண்டு செம்புக் கலசங்கள், இரண்டிலும் துளசி மிதக்கும். அம்மன் கண்ணால் காட்டும் கலசத்தில் அவர் நூலை முக்குவார். அம்மனின் கண்ணசைவு சித்தருக்கு மட்டும்தான் தெரியும். நூல் சிவந்தால் அந்தப் படிப்பில் இடம் உறுதி. மஞ்சளாகவே இருந்தால் தோஷம். பரிகாரத்துக்குத் தனிக் காணிக்கை.

"ஜரிகையைச் சுரண்டினா உள்ள இன்னாம்மா தெரியணும்? செவப்பு நூலு தெரியணும். தெரிஞ்சாத்தானே அசல்? படிப்பும் அப்படித்தான். செவந்தா அது ஒம் புள்ளைக்கு அசல் படிப்பு" என்பார் சித்தர்.

காஞ்சிபுரத்தில் இதற்கு மேல் ஒரு வேதவாக்கு கிடையாது. சேலையைக் கையில் வாங்கியதும் ஜரிகை இழையைச் சுரண்டி, சிவப்பைக் கண்ட பிறகே விலை பேசும் ஊர். சிவப்பு நூலைக் கண்டால் அதன் கை தானாகக் குவியும்.

உள்ளே போகும் முன் வாசலில் டோக்கன் கொடுப்பது சித்தரின் மனைவி பிரவீனா. தேன் ஒழுகப் பேசுவாள். "வாங்கண்ணா. மார்க்கு எவ்ளோ? ஒங்களுக்கு எதுல ஆசை? புள்ள எதுல பிடிவாதமா நிக்குது?" கேட்டதையெல்லாம் டோக்கனிலேயே குறித்து உள்ளே அனுப்புவாள். அதன் பிறகு நடப்பதுதான் அற்புதம். அப்பா ஆசைப்பட்டதே சிவந்தது. ஆண்டவன் விருப்பமும் அப்பா விருப்பமும் அந்த வீட்டில் ஒருநாளும் மோதிக்கொள்ளவில்லை. தான் நினைத்ததே சரி என்று தெய்வம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது எந்தத் தகப்பன் சந்தேகப்படுவான்?

இளங்கோவன் சந்தேகப்படவில்லை. விடுமுறை நாளில் தன் பேருந்துக்கே டிக்கெட் எடுத்து வந்து வரிசையில் நின்றார். கம்ப்யூட்டர் சயின்ஸ் ரத்தமாய்ச் சிவந்தது. கெமிஸ்ட்ரி அசையவில்லை. இரண்டு நூலையும், விண்ணப்ப எண் எழுதிய பிளாஸ்டிக் உறைகளில் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"பாத்தியா நதியா? ஒன் கெமிஸ்ட்ரி மஞ்சளாவே கெடக்குது."

"மஞ்ச நூலு மஞ்சளா இருக்கறதுல இன்னாபா அதிசயம்?"

"கிண்டல் பண்ணாத. மொதல் சாய்ஸா கம்ப்யூட்டரப் போடு. ஓடிபி என் போனுக்குத்தான் வரும், ஞாபகம் வெச்சுக்கோ."

அதுதான் சிக்கல். படிப்புகளை விருப்ப வரிசையில் அடுக்கி வெள்ளிக்கிழமைக்குள் இணையத்தில் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கான ஆறு இலக்க எண், விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசிக்கு வரும். கொடுத்திருந்தது அப்பாவின் எண். நதியாவின் மூன்று வருடப் படிப்பு அவருடைய காக்கிச் சட்டைப் பையில் இருந்தது.

"லேப்ல நிக்கும்போதுதான்பா எனக்கு நேரம் போறதே தெரியல. வேற எதுலயும் அப்பிடி இல்ல."

"நானா வேணாங்கறேன்? நூலு வேணாங்குது."

நதியா கொஞ்ச நேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரிப்பா. ஒரே ஒரு டெஸ்ட்டு. எனக்கு எழுதியிருக்கற படிப்பு ஒண்ணுதானே? அப்ப யார் போய்க் கேட்டாலும் சாமி அதையேதான சொல்லணும்? நாளைக்கு அம்மா போவட்டும், எனக்கு பி.காம் ஆசைன்னு சொல்லட்டும். நூலு மஞ்சளாவே இருந்தா, நானே கம்ப்யூட்டர் போட்டுட்டு வாயத் தொறக்க மாட்டேன்."

இளங்கோவன் சிரித்தார். "போய்ட்டு வா லில்லி. சாமிகிட்ட ஒம் பொண்ணு பாச்சா பலிக்காது."

லில்லி ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள். நாள் முழுக்க நோயாளிகளிடம் "டாக்டர் இப்ப வந்துருவாரு" என்று முகம் மாறாமல் சொல்லிப் பழகியவள். பிரவீனாவிடமும் முகம் மாறாமல் சொன்னாள்: "என் உசுரே பி.காம் மேலதாங்க."

சாயங்காலம் உறையை மேசைமேல் வைத்தாள். பி.காம் சிவந்திருந்தது.

இளங்கோவன் உறையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "சாமிக்குக் கண்ணு தப்பியிருக்கும்" என்றார். நம்பிக்கை என்பது எளிதில் கழன்று விழும் சட்டையா என்ன? மறுநாள் நண்பர் கியாசுதீனையும் அனுப்பினார். பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவர். நதியாவின் விண்ணப்பம் போனதே அவர் கடையிலிருந்துதான். சித்தர் மேல் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு. பூட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் "செவந்திருச்சி பாய், மாத்துங்க பாய்" என்று திரும்பி வந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அதே விண்ணப்ப எண்ணுக்கு வரலாறு கேட்டார். வரலாறும் சிவந்தது.

"இளங்கோ, படிப்பு போவட்டும். அந்தாள் மூஞ்சிய எங்கியோ பாத்துருக்கேன்பா. தாடிதான் இடிக்குது."

வெள்ளிக்கிழமை. மதிய இடைவேளையில் இளங்கோவன் காக்கிச் சீருடையோடு சித்தர் வீட்டுக்குப் போனார். லில்லி, நதியா, கியாசுதீன் பின்னால். கூடம் நிரம்பியிருந்தது. தினமும் கொண்டுவந்து இறக்கிவிடும் டிரைவர் என்பதால் சனங்கள் வழிவிட்டார்கள். சண்டை போட அவர் வரவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள வந்தார். ஒரு மோசடிக்காரனுக்கு அதைவிட ஆபத்தான ஆள் கிடையாது.

"சாமி, கோச்சிக்காதீங்க. ஒரே பொண்ணு, ஒரே நம்பரு. கம்ப்யூட்டர், பி.காம், வரலாறு, மூணும் செவந்துக்கினு இருக்குது. எதப் போடறது?"

கூடத்தில் ஒரு சலசலப்பு. சித்தர் மூன்று உறைகளையும் பார்த்தார். கண்களை மூடினார். மாட்டிக்கொண்டால் கண்ணை மூடிக்கொள்வது தவத்தின் முதல் படி.

"பாக்கியசாலிப் பொண்ணு. மூணு படிப்பும் கைகூடும்."

"ஒரே நேரத்துலயா சாமி?"

"ஒண்ணு இந்தப் பொறவியில. மத்தது வர்ற பொறவியில."

"சாமி," என்றார் கியாசுதீன், "இன்னிக்கி சாயங்காலத்தோட லாக் ஆவுது. அடுத்த பொறவிக்கு வெப்சைட்டு ஓபன் பண்ண மாட்டாங்க."

முதல் சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது. அந்தச் சந்தில் நதியா முன்னால் வந்து, மஞ்சளாகவே இருந்த கெமிஸ்ட்ரி நூலை உறையிலிருந்து எடுத்து, லில்லி பார்த்துச் சொல்லியிருந்த வலது கைப் பக்கக் கலசத்தில் தானே முக்கினாள்.

"தொடாத! தீட்டு!" என்று சித்தர் பாய்ந்தார். நூல் அதற்குள் சிவந்துவிட்டது.

"நாலு சீட்டா!" என்றாள் முன்வரிசை அம்மாள் ஒருத்தி. "குடுத்து வெச்ச மவராசிம்மா நீ!"

"இருங்க அத்தே, இன்னும் முடியல."

சித்தரின் தாம்பாளத்தில் திருஷ்டிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை நதியா எடுத்தாள். பக்கத்தில் கிடந்த கத்தியால் அரிந்தாள். நான்கு சிவப்பு நூல்களையும் தட்டில் போட்டு அதன்மேல் பிழிந்தாள். கம்ப்யூட்டர் வெளுத்தது. பி.காம் வெளுத்தது. வரலாறும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து வெளுத்தன. நான்கு இடமும் போய் நான்கு மஞ்சள் நூல் மிஞ்சியது.

பிறகு அந்த முன்வரிசை அம்மாள்தான் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி... இது ஆலந்தானே? மஞ்சளும் சுண்ணாம்பும்!"

கூடத்தில் இருந்த எந்தப் பெண்ணும் ஆலம் கரைக்காதவள் இல்லை. கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, புதுமனைக்கு என்று தட்டில் மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து, அது குங்குமமாய்ச் சிவப்பதைப் பார்த்தவர்கள். வீட்டில் சிவந்தால் ஆலம். சித்தர் கையில் சிவந்தால் அற்புதம்.

"நூலுல ஏத்தியிருக்கறது மஞ்சத்தூளு. வலது பக்கம் தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி. இடது பக்கம் வெறும் தண்ணி," என்றாள் நதியா. "அம்மன் கண்ணக் காட்டல. வாசல்ல குடுத்த டோக்கன்தான் காட்டுச்சி."

சித்தர் தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அவசரத்தில் தலைப்பாகை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. தாடியில் பாதி அதோடு போனது.

"அரே, சிட்டிபாபு!" கியாசுதீன் துள்ளினார். "எங்க வூட்டுக்கு வாட்டர் பில்டர் வித்தவன்பா! அன்னிக்கும் தண்ணியில எதையோ வுட்டு கலர மாத்திக் காட்டித்தான் என் தலையில கட்டினான்!"

கொல்லைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிரவீனாவின் நாற்காலி முன்பே காலி. கூடம் கலைய நேரம் பிடித்தது. ஒருவர் மட்டும் டோக்கனைப் பிடித்தபடி நின்றார். "எல்லாம் சரிப்பா. என் பையனுக்கு சீட்டு கெடைக்குமா கெடைக்காதா, அதச் சொல்லிட்டுப் போயிருக்கலாம் அந்தாளு."

சாயங்காலம் பேருந்து செவிலிமேடு நிறுத்தத்தில் நின்றிருந்தபோது கைபேசி சிணுங்கியது. ஓடிபி. கியாசுதீன் கடையில் காத்திருந்த நதியாவைக் கூப்பிட்டு, இளங்கோவன் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"கெமிஸ்ட்ரிதானே?"

"கெமிஸ்ட்ரிதான்பா."

"செவக்குமா?"

"படிச்சாத்தான்பா தெரியும்."

கைபேசியைப் பையில் போட்டார். ஜன்னலோரம் ஒரு பட்டு வியாபாரி, கையில் மகனின் மதிப்பெண் சான்றிதழோடு எட்டிப் பார்த்தார். "டிரைவர், சித்தர் எடத்த மாத்திட்டாராமே. எந்தப் பஸ்ஸுல போவணும்?"

"அண்ணே, கடையில சேலை எடுத்தா ஜரிகையச் சுரண்டிப் பாப்பீங்களா, மாட்டீங்களா?"

"பாக்காம எவனாவது வாங்குவானா?"

"அப்ப சித்தரையும் ஒரு தபா சுரண்டிப் பாத்துட்டு ஏறுங்க," என்று சொல்லிவிட்டு இளங்கோவன் வண்டியை எடுத்தார்.