பிந்தி வந்த மொய் நோட்டு

உண்மையின் விலை ஐந்நூறு ரூபாய். சீனியம்மாளிடம் ரசீதே இருக்கிறது.

தாராவியில் அவள் முறுக்குக் கடை போட்டிருந்த இடம் காளிராஜுடையது. பத்து வருஷத்துக்கு முன் அத்துமீறிப் புகுந்தவள், காலி செய்யவேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தான். அவன் அப்பா நயினார் காலத்திலிருந்தே வாடகைக்காரி என்பதற்கு அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. சாட்சி விசாரணையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு மொய் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகன் காதுகுத்து, 1997. முதல் வரி: 'நயினார், நம்ம கடை ஓனர், ரூ.101.'

வக்கீல் மகாதேவன் தலையில் கைவைத்தார். "வாதம் ஆரம்பிக்கற நேரத்துல கொண்டு வரேளே. இத்தனை நாள் எங்கே இருந்ததுன்னு ஜட்ஜ் கேப்பாரே?"

"வெள்ளத்துல போச்சுன்னு நெனச்சேன், இப்பந்தான் கெடச்சுதுன்னு எழுதுங்க சார்."

எழுதினார். நீதிபதி நோட்டைப் புரட்டிவிட்டு மராத்தியில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார்.

"வெள்ளத்துல கெடந்த நோட்டுல ஒரு எழுத்துகூட கரையலையே?"

"பரண்ல இருந்துச்சு சார்."

"பிறகு ஏன் மறைச்சீங்க?"

சீனியம்மாள் திரும்பிப் பார்த்தாள். வேடிக்கை பார்க்க, அவள் குடியிருக்கும் லேபர் கேம்ப் பகுதியில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். கடையா, மானமா? கடைதான்.

"எல்லாருக்கும் திருப்பி மொய் செய்யணும்லா? அதான் 2005 வெள்ளத்துல நோட்டு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். காளிராஜ் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

வழக்குக்கு முக்கியமான சாட்சியம் என்று நீதிபதி நோட்டை ஏற்றுக்கொண்டார். தாமதத்துக்காக எதிர்த்தரப்புக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள்.

காளிராஜ் மறுபடி கூண்டில் ஏறினான்.

"இது யார் கையெழுத்து?" என்றார் மகாதேவன்.

"என்னுதுதான். அன்னைக்கு இவுக சொல்லச் சொல்ல மொய் எழுத உக்காந்தது நாந்தாம்லா," என்றான், சிரித்த முகமாக.

வழக்குத் தள்ளுபடி. கடை பிழைத்தது. வெளியே வந்த சீனியம்மாள் வாழ்க்கையில் முதல்முறையாக, "எல்லாரும் கடைக்கு வாங்க, முறுக்குக்குக் காசு வேண்டாம்," என்றாள்.

காளிராஜின் மனைவி மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினாள்.

"வெள்ளிக்கெழம மகளுக்குக் கல்யாணம், மதினி. கோர்ட்டுக்கு இழுத்தா நோட்டு தானா வெளிய வரும்னு இவுக அப்பவே சொன்னாக. அன்னைக்கு மொய் செஞ்ச எங்க சொந்தம் நாப்பது வீடு, வீட்டுக்கு நூத்தியொண்ணு, ஆக நாலாயிரத்து நாப்பது. இப்பக் குடுத்த ஐநூறைக் கழிச்சாச்சு, மிச்சம் மூவாயிரத்து ஐநூத்தி நாப்பது."