ஆல்ரவுண்டர் கீரியும் ஒரு மிக்ஸியும்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. கிரிக்கெட் ஆடித்தான் குடும்பம் நடத்தியது. காட்டில் ஏது கிரிக்கெட் என்று கேட்காதீர்கள். கீரி பேசும் என்பதை ஒத்துக்கொண்டால் இதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கீரிக்கு பேட்டிங் தெரியும், பவுலிங் தெரியும், கீப்பிங்கும் தெரியும். ஆல்ரவுண்டர் என்று காடே சொன்னது. அதனால் என்ன ஆச்சு என்றால், புதரில் பந்து தொலைந்தாலும் கீரி, பிட்சுக்குத் தண்ணீர் தெளிக்கவும் கீரி, மைக் செட்டு கரகரத்தாலும் கீரி. மற்றவர்கள் நிழலுக்குப் போய்விடுவார்கள். பரிசு வாங்க மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இந்த வருஷம் ஃபைனலில் ஆட்ட நாயகனுக்கு மிக்ஸி என்று அறிவித்தார்கள். கீரியின் வீட்டுக்காரி இடுப்பில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"மிக்ஸியோடதான் வருவேன் பாரு," என்றது கீரி.

"போன வருஷம் குத்துவிளக்கோட வர்றேன்னீங்க. சளியோடதான் வந்தீங்க."

ஃபைனலில் கீரியின் மேட்டுக்காட்டு அணிக்கும் ஆற்றங்கரை அணிக்கும் போட்டி. ஆற்றங்கரையில் ஒரு ஆள் குறைந்தது. அவர்களுடைய முள்ளம்பன்றி கேட்ச் பிடித்தால் பந்து ஓட்டையாகிவிடுகிறது என்று உட்காரவைத்துவிட்டார்கள். ஆள் குறைந்தால் எதிர் அணியில் ஒருவன் ரெண்டு பக்கமும் ஆடுவான். அவனுக்கு காமன் என்று பேர். இரவல் வாங்கிய அணிக்குக் கடைசி ஆளாகத்தான் பேட் பிடிப்பான். இது எல்லாக் காட்டிலும் உள்ள வழக்கம்தான்.

"காமன் யாருப்பா?" என்றது ஆற்றங்கரை கேப்டன் காட்டுப்பன்றி.

"நம்ம கீரிதான். அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்றது மேட்டுக்காட்டு கேப்டன் காட்டெருமை, கீரியைக் கேட்காமலே.

கீரிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் மிக்ஸி நமக்குத்தானே!

மேட்டுக்காடு எடுத்த ரன்னில் பாதி கீரி அடித்தது. அப்புறம் பந்து போட்டு ஆற்றங்கரையைச் சாய்க்க ஆரம்பித்தது. கடைசிக்கு முந்தின பந்தில் ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்தது. கீரி குதித்துக் கூத்தாடிவிட்டுத் திரும்பினால், எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து இறங்க வேண்டியதும் கீரிதான்.

"ஒரு பந்து, ரெண்டு ரன்னு. பேடைக் கட்டுடா," என்றது காட்டுப்பன்றி.

"அப்போ பந்து யாருண்ணே போடுறது?"

"உன் ஓவர்தானேப்பா, நீதான் முடிக்கணும்," என்றது அம்பயர் கொக்கு, ஒற்றைக் காலில் நின்றபடி.

கீரி பேடைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தது. பந்தை மெதுவாகத்தான் போட்டது. வேகமாகப் போட்டால் பந்துக்கு முன்னால் போய்ச் சேர முடியாதே. போட்ட கையோடு பந்தை முந்திக்கொண்டு ஓடி, பேட்டை எடுத்து, ஓங்கி ஒரே அடி! பந்து வானத்துக்குப் போனது.

பந்து மேலே போனால் பிடிக்க ஓடுவது கீரிக்குப் பழக்கம். ரன் ஓடுவதை விட்டுவிட்டு, "என்னுது, என்னுது!" என்று கத்திக்கொண்டு பந்துக்குக் கீழேயே ஓடியது.

வேலியோரம் மேட்டுக்காட்டுக் கரடி காலையிலிருந்து மல்லாக்கப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பந்து அதன் வயிற்றில் விழுந்து, முடியில் சிக்கி நின்றுவிட்டது.

"அவுட்! கரடி கேட்ச்!" என்றது கொக்கு.

"வேணும்னே அவுட்டானான்," என்றது காட்டுப்பன்றி. "அடிச்சான் பாரு, துரோகி," என்றது காட்டெருமை.

தலைவர் யானை மைக்கைப் பிடித்தார். "கடைசி நேரத்துல கொஞ்சங்கூடப் பதறாம கேட்ச் பிடிச்ச கரடிக்கே மிக்ஸி!"

கரடி கண்ணைத் திறந்தது. "என்ன, சோறு போட்டுட்டாங்களா?"

சாயங்காலம் கரடி மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கீரி வீட்டுக்கே வந்தது. "தம்பி, இதை எப்படி ஓட்டுறது? நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே. அப்படியே கொஞ்சம் தேங்காய்ச் சட்னியும் அரைச்சுக் குடுத்துடு."

கீரி அரைத்தது. வெண்ணெய் மாதிரி வந்தது. கரடி நக்கிப் பார்த்து, சட்னியையும் மிக்ஸியையும் வாங்கிக்கொண்டு போனது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு அரைக்கவும் தெரியுமா?"

கீரி நாக்கைக் கடித்துக்கொண்டது. என்ன பண்ண, பார்த்துவிட்டாளே.

மறுநாள் காலையில் கீரி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி மரத்தடியில் மல்லாக்கப் படுத்திருந்தாள். வயிற்றின்மேல் குட்டி தூங்கியது.

நீதி: எத்தனை வித்தை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், வீட்டில் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். மிக்ஸிதான் வேண்டுமென்றால் வயிற்றில் முடி வளர்க்கவும்.