தம்புசாமியின் ஏழு சட்டைகள்

உயிரே போனாலும் தியானத்துக்குப் போவதில்லை என்று தம்புசாமி சபதம் எடுத்தபோது அவர் வாயில் பாதி ரொட்டி சானாய் இருந்தது.

சுங்கை வே தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் சூப்பர்வைசராக இருந்து ஆட்களை விரட்டியவர். ஓய்வு பெற்றபின் விரட்ட ஆளில்லை. வீட்டில் முயன்று பார்த்து, இரண்டாம் நாளே கைவிட்டார். பேச்சு குறைந்தது. சிரிப்பு நின்றே போனது. மிச்சமிருந்த ஒரே சந்தோஷம், காலையில் மாமாக் கடையில் சாப்பிடும் ரொட்டியும், நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரேக் டீயும்தான். ரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று டாக்டர் அதற்கும் வேட்டு வைத்தார்.

"என்னங்க, பார்க்ல லோகேஸ்வரி டீச்சர் கிளாஸ் நடத்துறாங்க. கை காலை மெதுவா அசைச்சிட்டு, கண்ணை மூடி உக்காரணும். அவ்வளவுதான்," என்றாள் மனைவி அமுதவள்ளி.

"கண்ணை மூட பார்க்குக்குப் போகணுமா? வீட்டுல கட்டில் இல்ல?"

"அப்ப தனியா நடங்க. தினமும் பார்க்லேர்ந்து ஒரு போட்டோ வரணும். வரலைன்னா நானே கூட வருவேன்."

"ஓகே லா!" என்றார், கொஞ்சம் அவசரமாகவே.

ஞாயிற்றுக்கிழமை அமுதவள்ளி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனதும், தம்புசாமி ஏழு டீ-சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு பார்க்குக்குப் போனார். உடை மாற்ற மறைவான இடம் வேண்டுமே! அங்கே பதினாலு பெண்கள் வரிசையாகத் தியானத்தில் இருந்தார்கள். இருபத்தெட்டுக் கண், அத்தனையும் மூடியிருந்தன. இதைவிடப் பத்திரமான இடம் கிள்ளான் வரை தேடினாலும் கிடைக்காது. அவர்களுக்குப் பின்னால் நின்று சட்டை மாற்றினார், படம் எடுத்தார், மறுபடி மாற்றினார். பழைய தொழிற்சாலைச் சட்டை மட்டும் தலையில் மாட்டிக்கொண்டு படாத பாடு படுத்தியது. அரை மணியில் ஏழு நாள் நடை முடிந்தது.

மறுநாளிலிருந்து மாமாக் கடையில் உட்கார்ந்தபடியே காலைக்கு ஒரு படமாக மனைவிக்கு அனுப்பினார்.

"மஞ்சள் சட்டையில ஜம்முனு இருக்கீங்க!" என்று பதில் வரும். மனிதர் பூரித்துப் போவார்.

எட்டாம் நாள் வாசலில் லோகேஸ்வரி டீச்சர் நின்றார்.

"அங்கிள், உங்க ஏழு போட்டோவும் பாத்தேன். ஒரு நாள் கூட மிஸ் பண்ணல! உங்கள மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும். இனிமே நாங்க உக்கார்ற பாயெல்லாம் உங்க கார்லதான். காலை ஆறரைக்குக் கொண்டு வந்துடுங்க."

"நானா? எனக்கு முட்டி..."

"ஏழு நாள் நடந்த முட்டிதானே?" என்றாள் அமுதவள்ளி, பச்சைக் குழந்தை போல முகத்தை வைத்துக்கொண்டு.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். பாய்கள் காரில் ஏறின.

முதல் நாள் கையைத் தூக்கியதும் முதுகில் எங்கெங்கோ சொடக்கு விழுந்தது. கண்ணை மூடியதும் தூங்கிப் போய்க் குறட்டையும் விட்டார். யாரோ களுக்கென்று சிரிக்க, அது வரிசை முழுக்கப் பரவ, விழித்த தம்புசாமியும் தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. எத்தனை மாதமாயிற்று!

மூன்று மாதத்தில் மாமாக் கடைக் கூட்டாளிகள் கந்தையாவையும் குகனையும் இழுத்து வந்துவிட்டார். கிளாஸ் முடிந்ததும் எல்லாரும் புல்லில் உட்கார்ந்து சீனியும் பாலும் இல்லாத தே ஓ குடித்தார்கள். இத்தனை நாளும் விரட்ட ஆளில்லையே என்று ஏங்கியவருக்கு, கூட உட்கார ஆள் இருந்தாலே போதும் என்று இப்போது தெரிந்தது. ஆனால் அந்த ஏழு சட்டைகள் மனசாட்சியை உறுத்தின. விஷயம் வெளியே வந்தால் இந்தக் கூட்டத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு சாயங்காலம் அமுதவள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது துணிந்துவிட்டார்.

"வள்ளி... அந்த ஏழு போட்டோவும் ஒரே நாள்ல எடுத்தது."

"தெரியுமே."

"எப்பலேர்ந்து?"

"உங்க தலை சட்டையில மாட்டிக்கிட்டதுலேர்ந்து. கண்ணை மூடச் சொல்ற டீச்சர் தன் கண்ணையும் மூடுவாங்களா?"

கைப்பேசியை நீட்டினாள். முன்னால் அமைதியே உருவான பதினாலு பெண்கள். பின்னால் ஒரு தொந்தி, மேலே தூக்கிய இரண்டு கைகள். தலையைக் காணோம்.

"ஐயோ, யார்கிட்டயும் காட்டாத வள்ளி!"

"காட்ட யாருங்க பாக்கி? பார்க் லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு மூணு மாசமா அதுதானே முகப்புப் படம்!"