மாட்டு நெஞ்சுக்குப் புகை போட்ட விபரம்

இயேசு மரி சூசை துணை

செவன் ஹில்ஸ், சிட்னி
சனிக்கிழமை மத்தியானம்

பேரன்புக்குரிய மச்சாள் அன்னமலர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை பிறின்சியின் கணவன் நொயல் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் இரண்டு முழங்கால்களும் மடு மாதாவின் தயவால் குறைவில்லாமல் இருக்க மன்றாடுகிறேன். நானும் இங்கே சுகமே என்று எழுதுவதுதான் முறை. ஆகவே சுகம். வாட்ஸப் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். தங்கள் போன் எந்நேரமும் பேரப்பிள்ளைகளின் கையில். நான் அனுப்புவதைத் தாங்கள் காணுமுன் பேசாலை முழுவதும் வாசித்துவிடும், பிறகு அது மெல்பேணில் இருக்கும் என் மகன் எறிக்கின் காதுக்கும் வந்துவிடும். இது எறிக்கைப் பற்றிய விஷயம். அவன் உங்கட சொல்லுக்கு மட்டும்தான் மடங்குவான். அதனால்தான் இந்த விண்ணப்பம்.

பிறின்சி கண் மூடின நாளிலிருந்து எறிக் என்னை மெல்பேணுக்கு வரச்சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறான். இந்த வீட்டை வித்துப்போட்டு அவன்ர வீட்டுப் பின்னறையில நான் இருக்கட்டாம். நத்தார்ப் பண்டிகைக்கு வந்த நேரம், நான் முட்டையை அவிய வைச்சுப்போட்டு மறந்துபோய், அது வெடிச்சுக் குசினிச் சீலிங்கில ஒட்டினதை அவன் கண்டிட்டான். ஒரு முட்டை மச்சாள்! ஒரு முட்டைக்காக ஒரு மனிசனை ஊர் மாத்துறதோ? நான் போனால் லிட்கம் சேமக்காலையில பிறின்சியின்ர கல்லறையில ஆர் மெழுகுதிரி கொளுத்திறது? ஞாயிறு பூசை முடிய றெயின் எடுத்துப்போய், அவளோட கொஞ்ச நேரம் கதைச்சுப்போட்டு வாறனான். அதை எறிக்கிட்டைச் சொல்லேலாது, சொன்னால் நேரே டொக்டரிட்டைக் கொண்டுபோவான். அதால வீராப்பாய் ஒரு பந்தயம் கட்டினன். "தம்பி, நீயும் உன்ர மனிசி றம்யாவும் ஒருக்கா வாங்கோ. நான் தனிய நிண்டு சமைச்சுக் காட்டுறன். ஒரு பிழை கண்டாயெண்டால் உன்னோடயே வாறன். இல்லையெண்டால் வீட்டுக் கதை எடுக்கப்படாது." அவனும் சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டிட்டான்.

ஆனால் குசினிக்குள்ள என்னால ஏலாது மச்சாள். மிளகாய்த்தூள் டப்பாவுக்குள்ள அவள் கடைசியாப் போட்ட கரண்டி அப்பிடியே நிக்குது. அதைத் தொட்டால் அண்டைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அவள் போன பிறகு எறிக் தகப்பன்மார் தினத்துக்கெண்டு அனுப்பின சாமான் ஒண்டு கராஜில பெட்டி உடைக்காமல் கிடந்தது. பெலற் கிறில் எண்டு பேர், மின்சாரத்தில ஓடுற புகைப்போறணை அடுப்பு. மரத்தூளை அமுக்கிக் குளிசை மாதிரிச் செய்து மூட்டையில குடுக்கிறாங்கள், நான் முதலில ஆட்டுத்தீன் எண்டுதான் நினைச்சனான். அதைக் கொட்டிவிட்டால் மிசினே உருட்டி எடுத்து எரிச்சுப் புகை போடும். இந்த வீட்டில பிறின்சியின்ர கை படாத ஒரே சாமான் அதுதான். அதுக்காகத்தான் அதைப் பிடிச்சனான்.

அதில செய்யிறதுக்கு உகந்தது பிறிஸ்கெற்றாம், மாட்டின்ர நெஞ்சுப் பக்கம். தலையணை அளவில ஒரு துண்டு வாங்கி வந்து, எங்கட முறைப்படி மஞ்சளும் தேசிக்காயும் போட்டு மூண்டு தண்ணியில கழுவினன். பிறகு யூரியூப்பைப் பாத்தால், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் இறைச்சியில தண்ணியே படக்கூடாதெண்டு கத்துறான். துவாயால துடைச்சு, பிறின்சியின்ர தலை காயவைக்கிற மிசினால காயவைச்சு, உப்பும் மிளகும் மட்டும் பூசினன். நல்லவேளை, மிளகாய்த்தூள் கேக்கேல்லை.

நேற்று விடியவே கிறிலுக்குள்ள ஏத்தி, காய்ச்சல் பாக்கிற கம்பி மாதிரி ஒரு கம்பியையும் நெஞ்சுக்குள்ள குத்திவிட்டன். வெக்கை ஏற ஏற நம்பர் போனில வரும். வேலிக்கு அங்கால கேதீஸ்வரன் வந்து நிண்டார், நல்ல மனிசன், எங்களுக்குப் பக்கத்து வீடு. மனிசி சிவனேஸ்வரி மேய்ஸ் ஹில் கோயிலுக்கெண்டு காயப்போட்ட சீலை முழுக்க என்ர புகை. அவ அதையே உடுத்துக்கொண்டு போயிட்டா, முருகன் என்ன நினைச்சாரோ தெரியாது. "வாங்கோ கேதீஸ், பின்னேரம் ஒரு துண்டு தாறன்" எண்டன். "ஐயோ அண்ணை, இண்டைக்கு வெள்ளி, நான் மச்ச மாமிசம் தொடமாட்டன். மணம் மட்டும் காணும்" எண்டார். "உங்கட சமயம் பெரிய கரைச்சல் ஐசே, எங்களுக்கு இப்பிடியொண்டுமில்லை" எண்டு வாய் கிழியச் சொன்னன். சொன்ன வாயை என்ன செய்யிறது மச்சாள்!

மத்தியானம் போல நம்பர் ஏறாமல் நிண்டிட்டுது. மூடியைத் திறந்து பாத்தன், மூடினன், திரும்பத் திறந்தன். திறக்கத் திறக்க நம்பர் இறங்குது. மிசின் செத்துப்போச்செண்டு நினைச்சு அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைச்சிட்டன். "காய்ச்சல் இறங்கினால் நல்லதுதானே அண்ணை" எண்டு கேதீஸ்வரன் ஆறுதல் சொல்லுறார். பிறகு தொப்பிக்காரன்தான் விளங்கப்படுத்தினான், இறைச்சி வேர்த்துத் தன்னைத் தானே குளிராக்குமாம், பயப்பிடாமல் கடுதாசியில சுத்திப்போட்டுப் பொறுத்திருக்கட்டாம். கடுதாசிக்கு நான் எங்க போறது? கேதீஸ்வரன் பூசைக்கெண்டு வெட்டி வைச்ச வாழையிலையைக் கேட்டன். மனிசன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு வேலிக்கு மேலால நீட்டினார். "சிவனேஸ்வரிக்குச் சொல்லிப்போடாதேங்கோ" எண்டது மட்டும்தான் கதை. நீங்களும் ஆருக்கும் சொல்லாதேங்கோ.

பிள்ளையள் பின்னேரம் பிளேனால இறங்கி வர, எல்லாம் தயார். இலையை விரிச்சனான் மச்சாள், மேலால கரிக் கறுப்பு, உள்ளுக்குப் பஞ்சு. எறிக் மணத்தை உறிஞ்சி "அப்பா! நீங்களோ செய்தது?" எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சான். தாயின்ர செத்தவீட்டுக்குப் பிறகு அவன் என்னைக் கட்டிப்பிடிச்சது அதுதான் முதல் தரம். வெண்டிட்டன் எண்டு நினைச்சன். கத்தியை வைச்சு முதல் துண்டை வெட்டி மருமகளுக்கு நீட்டினன். றம்யா பிளேற்றை வாங்கிப்போட்டுச் சாப்பிடாமல் நிக்கிறாள். "என்ன பிள்ளை, வேகேல்லையோ?" "நல்லா வெந்திருக்கு மாமா." பிறகு மெல்லமாச் சொன்னாள், "இண்டைக்குத் தவக்கால வெள்ளியெல்லோ மாமா."

எங்கட வீட்டில, இறைச்சி விலக்கின தவக்கால வெள்ளியில இறைச்சி வெந்தது இதுதான் முதல் தரம். ஞாயிறு பூசையில சாமியாரின்ர ஊதா உடுப்பை நானும் பாத்தனான், பக்கத்து வீட்டுச் சைவக்காரன் காலமை வெள்ளி வெள்ளி எண்டு சொன்னதையும் கேட்டனான், மண்டைக்குள்ள ஒண்டும் ஏறேல்லை. ஏனெண்டு யோசிச்சுப் பாத்தன். வெள்ளி எண்டு நான் ஒருநாளும் கலண்டரில பாத்ததில்லை மச்சாள். வியாழன் பின்னேரம் பிறின்சி உறைஞ்ச மீனை எடுத்துத் தொட்டிக்குள்ள இளக வைப்பாள். தொட்டிக்குள்ள மீன் கிடந்தால் விடிய வெள்ளி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எறிக், "பரவாயில்லையப்பா, சாப்பிடுவம், கடவுள் கோவிக்கமாட்டார்" எண்டான். "அம்மா இருந்திருந்தால்..." எண்டு தொடங்கினவன், என்ர கையிலயிருந்த கத்தியை வாங்கி வைச்சான். நான் இறைச்சியை மூடி பிறிட்ஜுக்குள்ள வைச்சன். றம்யா மீன் ரின் ஒண்டை உடைச்சு வெங்காயம் போட்டு வதக்கினாள். மூண்டு பேரும் பாணோட சாப்பிட்டம். மிளகாய்த்தூளுக்கு அந்த டப்பாவைத் திறந்து அந்தக் கரண்டியாலதான் அள்ளினவள்.

இப்ப என்ர வேண்டுகோள். பந்தயம் சமையல் பிழைக்குத்தானே? இறைச்சியில பிழையில்லை, கிழமையிலதான் பிழை. இதை நியாயமாய் எடுத்து எறிக்குக்குச் சொல்லுங்கோ, அப்பன் தனிய நல்லா இருக்கிறார், ஒண்டையும் மறக்கிறேல்லை, அவரை அவரின்ர வீட்டில விடு எண்டு. நீங்கள் சொன்னால் கேப்பான். பிள்ளையள் கடைக்குப் போன இடைவெளியில அவசரமாய் எழுதுறன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர். தங்கள் கோழிகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். தேவ கிருபை தங்கள் வீட்டுப் படலையைத் தாண்டிப் போகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்
நொயல்

பின்குறிப்பு: மேலே எழுதினது ஒண்டையும் எறிக்குக்குச் சொல்ல வேண்டாம். கடிதத்தை மடிச்சு ஒட்டப் போகேக்க முத்திரையைக் காணேல்லை. "இஞ்சேரப்பா, முத்திரை எங்க வைச்சனீர்?" எண்டு குசினிப் பக்கம் பாத்துப் பிறின்சியைக் கேட்டுப்போட்டு, பதில் வருமெண்டு நிண்டிருக்கிறன். திரும்பிப் பாத்தால் கதவடியில எறிக், கையில கடைச் சாமானோட. அவன் லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்துத் தந்தான். நானும் மெல்பேணுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். நாளைக்குப் பூசை முடிய லிட்கமுக்குப் போறம். பிறின்சிக்கு இதை நானே சொல்லவேணும், அதுக்கு முந்தி நீங்கள் செபத்தில சொல்லிப்போடாதேங்கோ.