வீட்டுக்கு ஒரு எர்த்

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் பாலுசாமியின் வீட்டில், மனைவி மயிலாத்தாள் துணி காயப்போடும்போதெல்லாம் ஷாக் அடித்தது. அது தொண்ணூற்றாறாம் வருஷம். ஊரில் ஆண்டெனாவின் உயரத்தை வைத்து ஆளை மதித்த காலம். பாலுசாமியின் ஆண்டெனா கோயில் கோபுரத்தைவிட அரை அடி குறைவு. அந்த அரை அடியும் பக்தியினால் விட்டது.

ஓட்டு வீடு. அப்பா காலத்து ஒயர் ஓட்டுக்கடியில் அட்டாலிப் பரணில் எலி கடித்துக் கிடந்தது. ஆண்டெனாப் பைப்பும் அதே அட்டாலி வழியாகத்தான், அந்த ஒயரை உரசிக்கொண்டு, ஓடுகளைப் பிரித்துக்கொண்டு மேலே போனது. பைப்பை இழுத்துக் கட்டிய கம்பி வீணாய்ப் போகாமல், அதன் மறுமுனையை வாசலில் கொடிக்கம்பியாகக் கட்டியிருந்தார்கள். வயர்மேன் சிக்கந்தர் வந்து பார்த்தார்.

"ஒயரை மாத்தோணுமுங்க. வாசல்ல குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த்து எடுக்கோணுமுங்க."

"வாசல்லயா?" பாலுசாமி பதறிப்போனார். வாசலுக்கு அப்போதுதான் மொசைக் போட்டிருந்தது. அவிநாசியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போன மொசைக். "அதெல்லாம் கரண்ட் ஆபீஸ்ல கேட்டுத்தான் செய்யோணும்" என்றார். ஒரு வேலை நடக்காமல் இருக்க ஆபீஸைவிட நல்ல இடம் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

ஆபீஸிலிருந்து அதிகாரி சீனிவாசலு கள ஆய்வுக்கு எழுந்தருளினார். முதல் காரியமாக, பாதுகாப்பை முன்னிட்டு மெயினை அணைத்தார். பிறகு கம்பியைத் தொட்டார். 'ஷாக் தென்படவில்லை' என்று எழுதினார்.

"கரண்டைப் போட்டுட்டுத் தொடுங்க சார்" என்றாள் மயிலாத்தாள்.

"கரண்ட் இருக்கையில தொடறது விதிக்கு விரோதமுங்க அம்மணி."

"நான் தெனமும் தொடறனுங்களே?"

"நீங்க பொதுமக்களுங்க."

மயிலாத்தாளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒரு நாளைக்கு அந்தக் கம்பியைப் புடிச்சபடியே செத்துக்கெடப்பேன். அப்ப வந்து எழுதுங்க!"

சீனிவாசலு இளகிய மனம் படைத்தவர். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏனுங்க அம்மணி, தொட்டா கரண்ட் எப்படிப் போகுதுங்க?"

"கையில ஏறி, காலு வழியா எறங்குதுங்க."

"காலு எங்கீங்க இருக்குது?"

"தரையிலதானுங்க!"

"அப்ப கரண்ட் பூமிக்குப் போயிருதுங்க." அவர் முகம் தெளிந்தது. "அதுக்குப் பேருதானுங்க எர்த்து. உங்க ஊட்டுல எர்த்து இருக்குதுங்க. எங்க ஊட்டுலயும் ரெண்டு வருஷமா எங்க சம்சாரந்தானுங்க. ஒரு குறையுமில்லை."

மேற்படி இல்லத்தில் மயிலாத்தாள் என்னும் எர்த் நல்ல நிலையில் இருப்பதாகச் சான்று வழங்கப்பட்டது. பாலுசாமி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அவர் ஆணியடித்துக்கொண்டிருக்கும்போதே மயிலாத்தாள் நாலு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு, தாராபுரத்தில் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பாலுசாமி ஆபீஸுக்கு ஓடினார். "சார், எர்த்து கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சுங்க."

"எர்த்து இல்லாம ஊடு இருக்கப்படாதுங்களே." சீனிவாசலு மயிலாத்தாள் பெயரை அடித்துவிட்டு, மிகுந்த மரியாதையுடன் பாலுசாமி என்று எழுதினார். "தெனமும் துணியை நீங்களே காயப்போட்டுப்போடுங்க. ஈரக்கையா இருந்தா ரொம்ப நல்லதுங்க."

அன்று மாலையே பாலுசாமி கடப்பாரையை எடுத்தார். மொசைக் உடைந்தது, குழி வந்தது, அட்டாலியில் ஒயர் மாறியது. சிக்கந்தர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. தன் உடம்பு என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு என்னமாய் அறிவு வேலை செய்கிறது! மயிலாத்தாள் திரும்பி வந்தாள். புருஷனை வெறுங்காலோடு கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் போனாள்.

உடைந்த மொசைக்கை மறைக்க பாலுசாமி குழிக்கு மேடை கட்டி, பித்தளை மூடி போட்டிருந்தார். ஊரே வந்து பார்த்தது. ஆண்டெனாவை எல்லோரும் மறந்தார்கள். ஒரே மாதத்தில் தெருவில் வீட்டுக்கு வீடு எர்த் குழி, ஒன்றைவிட ஒன்று பெரிய மூடி. சீனிவாசலுவும் தன் வீட்டில் தாமரைப்பூ செதுக்கிய மூடி போட்டார். குழியிலிருந்து வீட்டுக்குள் ஒயர் இழுத்தால் சுவர் பெயிண்ட் கெட்டுவிடும் என்பதால், அதை மட்டும் பாலுசாமியைத் தவிர யாரும் இழுக்கவில்லை.

அந்த வீடுகளின் பெண்கள் இப்போது பித்தளை மூடியின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றுதான் துணி காயப்போடுகிறார்கள். கொடிக்கம்பி நன்றாக எட்டுகிறதாம்.